பெற்ற பிள்ளையைப் பார்க்க எத்தனை நாள் கூலி?

கணவனும் மனைவியும் ஒத்து வாழ முடியாமல் பிரிகிறார்கள். குற்றம் யார் மேல், நியாயம் யார் பக்கம் என்று ஊரும் உறவும் ஆளுக்கொரு விதமாகப் பேசுகின்றன. அவர்கள் பெற்ற குழந்தையோ யார் மீதும் வழக்குத் தொடுக்கவில்லை. அதற்கு அம்மாவும் வேண்டும், அப்பாவும் வேண்டும். அவ்வளவுதான் அதன் கோரிக்கை.

இந்தக் கோரிக்கைக்குச் சட்டம் ஒரு பதிலை வைத்திருக்கிறது. குழந்தை ஒருவரிடம் வளரலாம், மற்றவர் குறித்த நாளில், குறித்த இடத்தில் வந்து பார்க்கலாம். அவசியமானால் நம்பகமான ஒருவர் பக்கத்தில் இருந்து கவனித்துக் கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாடு அன்னவாசல் வட்டாரத்துக் கூலிக்காரன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறதா? சேரவில்லை என்றே நாம் சொல்கிறோம். ஏன் சேரவில்லை, சேர்ப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

“இது புருஷன் பெண்டாட்டி விவகாரம், இதில் உங்களுக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. கூலி போதாத வீட்டில்தான் சண்டை சீக்கிரம் வருகிறது. பிழைப்புத் தேடிப் போகும் குடும்பம்தான் முதலில் இரண்டாகிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவன்தான் பிள்ளை முகம் பார்க்காமல் வருஷக்கணக்கில் கிடக்கிறான். ஆகவே இது உழைப்பாளி மக்களின் பிரச்னைதான்.

ஊர் கூடிச் செய்யும் தீர்ப்பு

அன்னவாசல், இலுப்பூர், குடுமியான்மலைப் பக்கத்து நிலங்கள் வானம் பார்த்த பூமி. கண்மாயும் குளமும் நிரம்பினால் வேலை உண்டு. மழை பொய்த்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார், ஒருவர் கோவை நூற்பாலைக்குப் போகிறார், ஒருவர் கடல் தாண்டிக் கட்டட வேலைக்குப் போகிறார். புருஷன் ஓர் ஊரில், மனைவி வேறோர் ஊரில், குழந்தை அப்பத்தாவிடம் அல்லது அம்மாயியிடம் என்று குடும்பம் பல இடங்களில் சிதறி நிற்கிறது. இந்த நிலையில் மனஸ்தாபம் வந்தால் அதைத் தீர்க்க இருவரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசக்கூட வழியில்லை.

பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். சீர்வரிசைப் பாத்திரத்தையும் நகையையும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அத்து விட்டாயிற்று என்று அறிவிக்கிறார்கள். பிள்ளைகளை என்ன செய்வது? “பையன் அப்பனுக்கு, பொண்ணு ஆத்தாளுக்கு” என்று அண்டா குண்டானைப் பங்கு வைப்பது போலப் பங்கு வைத்துவிட்டு எழுந்து விடுகிறார்கள். அந்தப் பையன் தாயை எப்போது பார்ப்பான், அந்தப் பெண் தகப்பனை எங்கே பார்ப்பாள், அண்ணனும் தங்கையும் எந்த நாளில் ஒன்று சேருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்காததன் விளைவைப் பிறகு பார்க்கிறோம். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ஓடுவது, பள்ளிக்கூட வாசலில் இழுபறி, அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, காக்கிச் சட்டைகளுக்கு நடுவே, குழந்தை தன் தகப்பனைப் பார்க்கிறது. அது என்ன குற்றம் செய்தது?

சட்டப் புத்தகத்தில் இருப்பது

ஊர்ப் பஞ்சாயத்துப் பேசிவிட்டது என்பதற்காகக் குழந்தையின் உரிமை போய்விடாது. இதை நமது மக்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1890-ஆம் வருஷத்துப் பாதுகாவலர், காப்பாளர்ச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் அதன்படி மனுப் போடலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமானாலும் குழந்தையின் நலனைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கச் சொல்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்து சிறார் பாதுகாவலர் சட்டம், 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. குழந்தையின் நலனே தலையாயது என்று அதிலும் எழுதியிருக்கிறது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியும் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

உலக அளவிலும் இந்த நியாயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் வருஷத்துக் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 9-ஆவது பிரிவு இதைப் பற்றியதே. தாயையோ தகப்பனையோ பிரிந்து வாழும் குழந்தைக்கு இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்துக்கொள்ள உரிமை உண்டு, அது குழந்தைக்குக் கேடாக இருந்தாலொழிய, என்று அது கூறுகிறது. 1992-இல் இந்தியா இதை ஏற்றுக்கொண்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த உரிமையின் சொந்தக்காரர் குழந்தைதான். “என் பிள்ளை, நான் பார்ப்பேன்” என்று தகப்பன் மார் தட்டுவதற்கோ, “என் பிள்ளை, காட்டமாட்டேன்” என்று தாய் கதவைச் சாத்துவதற்கோ இது ஏற்பட்டதல்ல. பெற்றவர்கள் இருவருமே கடமைப்பட்டவர்கள்.

மேற்பார்வை அவமானமா?

“பெற்ற பிள்ளையைப் பார்க்கப் பக்கத்தில் ஒரு காவலாளா? நான் என்ன திருடனா?” என்று கோபப்படுகிற தகப்பன்மார் உண்டு. அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

குடித்துவிட்டு அடித்தவன் என்று ஒரு தாய் அஞ்சுகிறாள். மூன்று வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவனைக் கண்டு குழந்தை யாரோ அந்நியன் என்று மிரளுகிறது. பார்க்க வந்தவர் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போய்விடுவாரோ என்று மற்றவருக்குச் சந்தேகம். இந்த மூன்று சந்தர்ப்பங்களிலும் சந்திப்பையே தடுத்துவிட்டால் குழந்தைக்கு நஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு தனியே அனுப்பி வைத்தால் குழந்தைக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் மேற்பார்வை. பயம் தெளிந்த பிறகு அது தேவையில்லாமல் போகும்; போகவும் வேண்டும்.

ஆனால் உண்மையிலேயே ஆபத்து இருக்குமானால் சந்திப்பு கூடாது என்று சொல்லவும் நாம் தயங்கவில்லை. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதைப் பச்சையாகச் சொல்கிறது. மாஜிஸ்ட்ரேட், புகார் கொடுத்த பெண்ணிடம் குழந்தையைத் தற்காலிகமாக ஒப்படைக்கலாம். எதிர்த்தரப்பு வந்து பார்ப்பதற்கு ஏற்பாடும் செய்யலாம். அந்தச் சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று கருதினால் அனுமதி மறுக்க வேண்டும். அடிபட்ட பெண்ணிடம் “பிள்ளைக்காகப் பொறுத்துப் போ” என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்தப் பிரிவை ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.

மதுரையிலிருந்து கரூருக்கு

நமது பக்கத்து ஜில்லாக்களில் நடந்த ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. தாயும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் மதுரையில், தகப்பன் கரூரில். ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தையைக் கரூருக்குக் கொண்டுபோய்த் தகப்பனுக்குக் காட்ட வேண்டும் என்று கீழே உத்தரவாகியிருந்தது. போக வர ஏறத்தாழ 300 கிலோமீட்டர்! இரண்டு வயதுக் குழந்தை வாரம் தவறாமல் இப்படிப் பிரயாணம் செய்தால் என்னாகும்?

2024 டிசம்பர் 20-ஆம் தேதி நீதிபதிகள் விக்ரம் நாத், வரலே ஆகிய இருவரும் இந்த ஏற்பாட்டை மாற்றினார்கள். தகப்பன் குழந்தையைப் பார்க்கலாம், ஆனால் மதுரைக்கு வந்து பார்க்க வேண்டும். ஞாயிறு காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, பொதுப் பூங்காவிலோ கோவில் வளாகத்திலோ பார்க்கலாம். தாய் சுமார் பத்தடி தூரத்தில் நிற்க வேண்டும். பெற்றவர்களின் உரிமையைத் தீர்மானிக்கும்போது குழந்தையின் ஆரோக்கியத்தைப் பலி கொடுக்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நியாயமான தீர்ப்பு. பிரயாணக் கஷ்டம் பெரியவர்களுக்குத்தான் இருக்க வேண்டும், குழந்தைக்கு அல்ல என்று அது சொல்கிறது. இந்த விதி நாடெங்கும் எல்லாக் கோர்ட்டுகளிலும் விதியாக வேண்டும்.

ஆனால் நாம் கேட்கிறோம்: அந்தத் தாய் தில்லி வரை போய் வழக்காட முடிந்தது. அன்னவாசலில் களை பறிக்கும் பெண் எங்கே போவாள்? புதுக்கோட்டைக் கோர்ட்டில் உத்தரவு சரியில்லை என்றால் அடுத்த படி மதுரையில் இருக்கிறது. அதற்கு மேலே தில்லி. படி ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. பத்தடி தூரத்தில் நிற்கும் தாய் அடிக்குப் பயந்தவளாக இருந்தால் அந்தப் பத்தடி போதுமா? பூங்கா இல்லாத ஊரில், மழை பெய்கிற நாளில், எங்கே சந்திப்பது? கோர்ட்டு உத்தரவு போடும். இடம் கொடுப்பது யார்? மேற்பார்வைக்கு ஆள் கொடுப்பது யார்?

கூலிக் கணக்கு

ஒரு நூற்பாலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் வேலை. குழந்தை அன்னவாசலில் தாய் வீட்டில். 1890-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும். அதாவது புதுக்கோட்டைக்கு வர வேண்டும். குழந்தையை அலைக்கழிக்கக் கூடாது என்பதால் இந்த விதி சரியே. ஆனால் ஒவ்வொரு வாய்தாவும் வேலை நாளில்தான் வருகிறது. ஒரு நாள் வாய்தாவுக்கு இரண்டு நாள் கூலி போகிறது. வருகைப்படி போகிறது. அடிக்கடி லீவு கேட்டால் மேஸ்திரி முகம் சுளிக்கிறார், பிறகு வேலையே போகிறது. ஜட்ஜ் லீவு, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா தள்ளிப் போனால் அந்தக் கூலியை யார் கொடுப்பார்?

ஒரு வழியாக உத்தரவு கிடைக்கிறது, மாதம் இரண்டு ஞாயிறு பார்க்கலாம் என்று. ஆலையில் வார ஓய்வு ஆளுக்கு ஒரு நாள். அவனுடைய ஓய்வு புதன்கிழமை. ஷிப்டு மாற்றித் தர ஆளில்லை. இரண்டு ஞாயிறு தவறினால், “இவனுக்குப் பிள்ளை மேல் அக்கறையில்லை” என்று எதிர்த்தரப்பு மனுப் போடுகிறது. அக்கறை இல்லாதவனா அவன்? ஓய்வு நாளைக்கூடத் தன் இஷ்டப்படி எடுக்க முடியாதவன்.

தாயின் பக்கம் கணக்குப் போட்டாலும் இதே கதைதான். நடவு நாளில் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்க வேண்டும். வர வேண்டியவர் வரவில்லை என்றால் குழந்தையின் ஏமாற்றத்துக்கு அவளே சமாதானம் சொல்ல வேண்டும். சில தாய்மார் ஆலை விடுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கோ வாசலைத் தாண்டுவதற்கே அனுமதி வேண்டும். ஊர்த் தீர்ப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் பார்க்கும் உரிமை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

மேலிடத்தில் என்ன பேசுகிறார்கள்? 2022-இல் சென்னை ஹைக்கோர்ட்டின் ஒரு நீதிபதி, பிள்ளையைப் பார்க்க வரும் கணவனையோ மனைவியையோ விருந்தாளியைப் போல நடத்தி, டீ பலகாரம் கொடுத்து உபசரிக்க வேண்டும் என்றார். பின்னர் இரு நீதிபதிகள் பெஞ்சு அதை நீக்கிவிட்டது. மரியாதையாக நடந்துகொள்வது நல்லதுதான். ஆனால் நமது மக்களின் தடை டீயிலா இருக்கிறது? பஸ் கட்டணத்திலும் ஒரு நாள் கூலியிலும் இருக்கிறது.

சட்டக் கமிஷன் 2015 மே மாதத்தில் தனது 257-ஆவது அறிக்கையில் பாதுகாவலர் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்றது. பெற்றவர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறை, சந்திப்புக்கு வழிகாட்டும் விதிகள் எல்லாம் அதில் உண்டு. அந்த அறிக்கை அலமாரியில் தூங்குகிறது.

செய்ய முடியாத காரியமா?

“கிராமத்துக்கு இதெல்லாம் சாத்தியமா?” என்று அதிகாரிகள் கேட்பார்கள். சென்னைக் குடும்பக் கோர்ட்டிலும் பம்பாய் பாந்திரா குடும்பக் கோர்ட்டிலும் குழந்தைகளைச் சந்திப்பதற்கென்று தனி இடம் இருக்கிறது. பட்டணத்துக் குழந்தைக்குச் சாத்தியமானது பட்டிக்காட்டுக் குழந்தைக்கு ஏன் சாத்தியமில்லை?

இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் சந்திப்பு மையங்கள் இருக்கின்றன. பல இடங்களில் மாதாகோவில் மண்டபத்தில், விடுமுறை நாளில், தொண்டர்கள் நடத்துகிறார்கள். நமது தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மாகாண அரசே பணம் கொடுத்து இதை நடத்துகிறது. நடைமுறை மிக எளிது. தாயும் தகப்பனும் வெவ்வேறு நேரத்தில் வருகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் கூடவே இருக்கிறார். கண்டதைக் கண்டபடி எழுதி வைக்கிறார். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. ஓர் அறை, இரண்டு வழி, சில விளையாட்டுச் சாமான், ஒரு ஊழியர் போதும். கோடிக்கணக்கில் பணம் கொட்ட வேண்டிய திட்டமா இது?

நாம் கோருவது

1. ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு குழந்தைச் சந்திப்பு மையம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடமோ அங்கன்வாடிக் கட்டடமோ இதற்குப் போதும். கோர்ட்டு வராந்தாவும் போலீஸ் ஸ்டேஷனும் குழந்தையைக் காட்டும் இடமாக இருக்கக் கூடாது.

2. மேற்பார்வைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் நியமிக்க வேண்டும். ஏற்கெனவே வேலைப் பளுவில் இருக்கும் அங்கன்வாடி ஊழியர் தலையில் இதையும் இலவசமாகக் கட்டக் கூடாது.

3. வேலை பார்க்கும் பெற்றோரின் ஓய்வு நாளைக் கேட்டே சந்திப்பு நாளைக் குறிக்க வேண்டும். கோர்ட்டு உத்தரவைக் காட்டினால் அந்த நாளில் லீவு கொடுக்க முதலாளி கடமைப்பட்டவராக வேண்டும். இதற்காக வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதமாக வேண்டும்.

4. பிரயாணம் குழந்தைக்கு அல்ல, பெரியவருக்கே என்பது பொது விதியாக வேண்டும். ஏழைப் பெற்றோரின் பஸ் செலவைச் சட்ட உதவி நிதியிலிருந்து கொடுக்க வேண்டும்.

5. வீடு சிறியது, கூரை ஒழுகுகிறது என்ற காரணத்துக்காக யாருக்கும் பிள்ளையைப் பார்க்கும் உரிமை மறுக்கப்படக் கூடாது. மேற்பார்வை ஆபத்துக்காக ஏற்பட்டது. வறுமைக்குத் தண்டனையாக அல்ல.

நம்மவர்களுக்கு

சர்க்காரைக் கேட்பதோடு நமது வேலை முடிந்துவிடவில்லை. இன்றைக்கே கையில் இருக்கும் உரிமைகளைப் பயன்படுத்த வேண்டும்.

1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட மக்கள், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் வருமானக் கணக்கில்லாமல் இலவச வக்கீலைப் பெறலாம். மற்ற ஏழைகளுக்கு அரசு வகுத்த வருமான வரம்பு உண்டு. புதுக்கோட்டைக் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணில் போனிலும் விவரம் கேட்கலாம். அடி உதைக்கு ஆளான பெண்கள் 181-க்குக் கூப்பிடலாம். குடும்பக் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நாமே நின்று பேசவும் சட்டம் இடம் தருகிறது.

“ஜீவனாம்சம் கொடுக்காதவனுக்குப் பிள்ளை முகம் கிடையாது” என்று ஒரு தரப்பு. “பிள்ளையைக் காட்டாவிட்டால் காசு கிடையாது” என்று மறு தரப்பு. இரண்டும் தவறு. ஜீவனாம்சம் குழந்தையின் சோறு. சந்திப்பு குழந்தையின் பாசம். ஒன்றை வைத்து ஒன்றுக்குப் பேரம் பேசக் கூடாது. ஜீவனாம்சம் வராவிட்டால் அதற்குத் தனியே வழி உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. அதன்படி மனுப் போடுங்கள். பிள்ளையைப் பணயம் வைக்காதீர்கள்.

பார்க்க வருகிறவர் குடிக்காமல் வரட்டும். சொன்ன நேரத்துக்கு வரட்டும். “அம்மா என்ன சொன்னாள், யார் வீட்டுக்கு வந்து போகிறார்கள்” என்று குழந்தையிடம் துப்பு விசாரிக்காமல் இருக்கட்டும். வளர்க்கிறவர் “உன் அப்பன் பேச்சை எடுக்காதே” என்று மிரட்டாமல் இருக்கட்டும். தாத்தா பாட்டிமாரும் நாக்கை அடக்கிக் கொள்ளட்டும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்டாவைப் பங்கு வையுங்கள், குழந்தையைப் பங்கு வைக்காதீர்கள். பிரிவு தவிர்க்க முடியாதது என்றால், எந்த நாள், எந்த இடம், யார் கூட இருப்பது என்பதை எழுதி, இருவர் கையெழுத்தும் வாங்குங்கள். அடி உதை நடந்த வீடாக இருந்தால் சமரசம் பேசாமல் கோர்ட்டுக்குப் போகத் துணை நில்லுங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் மாதர் சங்கச் சகோதரிகளும் இதைத் தங்கள் வேலைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். போனஸ் கோரிக்கையோடு, கூலிக் கோரிக்கையோடு, சந்திப்பு நாள் லீவுக் கோரிக்கையையும் வையுங்கள். இலுப்பூர் தாலுகாவுக்கு ஒரு சந்திப்பு மையம் கேட்டுக் கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் கொடுங்கள்.

வசதி படைத்தவர் வீட்டுக் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை தகப்பன் வருகிறான். நம் வீட்டுக் குழந்தைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்.